வெறி மட்டுமா குற்றம்? ‘ரேசிசம்’ என்னும் சொல்லும் தமிழில் அதன் பெயர்களும்

தோற்றுவாய்

சொல்லுக்கும் வாழ்வு உண்டு. அது பிறக்கிறது; வளர்கிறது; சிலபோது தன் பழம்பொருளைத் துறந்து வேறொரு பொருளோடு உலவுகிறது. பண்டு நறுமணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தையே சுட்டுவதை இழிபொருட்பேற்றுக்குச் சான்றாக நாம் வகுப்பில் எடுத்துரைக்கிறோம். மாணவரும் அதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். நாற்றத்தின் பொருள் மாறியதால் எவரும் வீடிழக்கவில்லை. எவரும் சிறை புகவுமில்லை. ஆனால், பொருள் சற்றே விரிந்தால் ஒருவருக்கு நீதி கிடைப்பதும், சற்றே சுருங்கினால் அது மறுக்கப்படுவதுமாகிய சொற்களும் உலகில் உள. ஆங்கிலத்தில் ‘ரேசிசம்’ என வழங்கும் சொல் அத்தகையது.

இச்சொல்லை நம் நாளேடுகள் பெரும்பாலும் ‘இனவெறி’ என மொழிபெயர்க்கின்றன. இலங்கைத் தமிழர் எழுத்தில் ‘இனவாதம்’ பெருவழக்கு. சட்டம், உடன்படிக்கை பற்றிய எழுத்துகளில் ‘இனப்பாகுபாடு’ என்னும் ஆட்சியைக் காண்கிறோம். இம்மூன்றும் ஒருபொருள் குறித்த பல சொற்கள் என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று என்பதே நம் கருத்து. ஆங்கிலச் சொல் கடந்து வந்த மூன்று நிலைகளுக்கு ஏற்ற மூன்று தனிச்சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழைத்து, எல்லா இடத்திலும் ‘வெறி’ என்றே எழுதுவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

இனமும் வெறியும்

‘இனம்’ நம் மொழியில் பழஞ்சொல். கூட்டம், வகை, சுற்றம் எனப் பல பொருள் உடையது. எழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பகுத்தோம். தொல்காப்பியர் ‘இனச்சுட்டு’ என்னும் குறியீட்டை ஆள்கிறார். வள்ளுவர் ‘சிற்றினம் சேராமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே இனம் என்பது ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டம். அது அவன் தேர்ந்துகொள்வது. தீதெனக் கண்டால் விட்டு விலகத்தக்கது. மாந்தரைத் தோலின் நிறத்தாலும் மண்டையோட்டின் அளவாலும் கூறுபடுத்தும் பொருள் அச்சொல்லுக்கு அந்நாளில் இல்லை. ஐரோப்பியரின் ‘ரேஸ்’ என்னும் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடிய பிற்காலத்திலேயே அப்பாரம் அதன்மேல் ஏற்றப்பட்டது.

‘வெறி’ என்பதும் அத்தகைய பழஞ்சொல்லே. மணம், கள்ளின் மயக்கம், தெய்வமேறிய ஆட்டம் ஆகியவற்றைச் சங்க நூல்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. வேலன் வெறியாட்டு மாணவர் அறிந்ததே. வெறி கொண்டவன் தன்வயம் இழந்தவன். செய்வது இன்னதென அறியாதவன். ‘இனவெறி’ எனும்போது கண் சிவந்து, பல்லைக் கடித்து, கையில் தடியோடு நிற்கும் ஒருவனே நம் மனக்கண்ணில் தோன்றுகிறான். இதனை நினைவிற் கொண்டு ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை நோக்குவோம்.

குருதியைத் தேடிய நாடு

சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே செயல் பிறந்துவிட்டது. ஸ்பெயின் நாட்டின் தொலேதோ நகரில் 1449-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. யூதராயிருந்து கிறித்தவம் தழுவியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் நகரின் பொதுப் பதவிகளை வகிக்கலாகாது என்பது அதன் சாரம். சமயம் மாறினாலும் குருதி மாறவில்லை என்பதே காரணம். ‘குருதித் தூய்மை’ என்னும் இக்கோட்பாடு பின்னர்த் துறவு மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவிற்று.

கிரனாடா 1492-இல் வீழ்ந்தபின் அங்கிருந்த முஸ்லிம்கள் காலப்போக்கில் திருமுழுக்குப் பெறுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். ‘மொரிஸ்கோக்கள்’ எனப்பட்ட அவர்கள் பெயரளவில் கிறித்தவர். நூறாண்டு கடந்தும் அவர்களை நாடு ஏற்கவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர். அக்கால அளவுக்குள், 1611-இல், கோவாருபியாஸ் என்னும் அறிஞர் ஸ்பானிய மொழிக்கு ஒரு பேரகராதி வெளியிட்டார். அதில் ‘ராஸா’ என்னும் சொல்லுக்கு உயர்சாதிக் குதிரையின் கால்வழி எனப் பொருள் கூறியவர், மாந்தர் குடிவழியில் அச்சொல் இழிபொருள் தருவது என்றும், மூர் அல்லது யூதர் கலப்பு உடைமையைக் குறிப்பது என்றும் விளக்கினார். ஆங்கில ‘ரேஸ்’ இச்சொல்லுக்கு உறவுடையது. அகராதிக்காரர் வெறியர் அல்லர். தம் காலத்து வழக்கை நேர்மையாகப் பதிவு செய்தவர். அவர் பதிவு செய்த அவ்வழக்கே நாட்டுமக்களின் ஒரு பகுதியினரைக் கடல் கடத்தியது.

பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்வழக்கு அறிவியலின் ஆடையைப் புனைந்தது. இயற்கையியலார் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பில் மாந்தரை நால்வகையாகப் பிரித்து, நிறத்தோடு குணத்தையும் சேர்த்து எழுதினார். பிரெஞ்சுக்காரரான கொபினோ 1853 முதல் 1855 வரை மனித இனங்களின் சமமின்மை பற்றிப் பெருநூல் இயற்றினார். அடிமை வாணிகமும் குடியேற்ற ஆட்சியும் இக்கருத்துகளுக்கு ஊதியம் அளித்தன. ஆயினும், இத்தீமைக்கு ஒரு பெயர் அந்நாளில் இல்லை. பெயரில்லாத நோய் நோயாகத் தோன்றுவதில்லை, இயற்கையாகவே தோன்றும்.

முதல் நிலை: கொள்கை

‘ரேசிசம்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் அறியப்பட்ட மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்று 1902-இல் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் அமெரிக்கப் படை அதிகாரியின் பேச்சில் உள்ளது. மக்களைப் பிரித்து வைப்பது தவறு, கலந்து வாழச் செய்தலே இனப்பிரிவினையை ஒழிக்கும் என்பது அவர் கருத்து. கேட்கச் செவிக்கு இனியதே. ஆனால் இவரே 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைலில் செவ்விந்தியச் சிறார்க்கான உறைவிடப் பள்ளியை நிறுவியவர். அங்கே பிள்ளைகளின் கூந்தல் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி பேசத் தடை விதிக்கப்பட்டது. ஒரு மக்களின் மொழியையும் மரபையும் அழித்தல் அவர் அகராதியில் அச்சொல்லுக்கு உட்பட்ட குற்றம் அன்று. ஒரு சொல்லை எடுத்தாள்பவரே அதன் பொருளுக்கு இலக்காகவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அச்சொல் பரவலான வழக்கிற்கு வந்தது 1930-களில், இட்லரின் ஜெர்மனி காரணமாக. யூத மருத்துவரான மாக்னஸ் இர்ஷ்ஃபெல்டு பெர்லினில் நடத்திய ஆய்வு நிலையம் 1933-இல் சூறையாடப்பட்டது. நாடு திரும்ப இயலாத நிலையில் அவர் எழுதிய நூல், அவர் 1935-இல் மறைந்தபின், 1938-இல் ‘ரேசிசம்’ என்னும் பெயரிலேயே ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் மறைந்த ஆண்டிலேயே நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. பாட்டன் பாட்டியரின் சமயத்தைக் கணக்கிட்டுப் பேரனின் குருதியை முடிவு செய்த சட்டங்கள் அவை. மானிடவியல் அறிஞர் ரூத் பெனடிக்ட் 1940-இல் வெளியிட்ட நூலில் இனம் வேறு, இனவாதம் வேறு எனப் பிரித்துக் காட்டினார். முன்னது ஆராயத்தக்க பொருள். பின்னது ஒரு கூட்டம் பிறப்பால் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்னும் ஆதாரமற்ற கோட்பாடு.

ஆகவே, முதல் நிலையில் இச்சொல்லின் பொருள் ஒரு கொள்கை. அதற்கு மறுமருந்து அறிவு. யுனெஸ்கோ நிறுவனம் அறிஞர் குழுவைக் கூட்டி, மனிதகுலம் ஒன்றே என 1950-இல் அறிக்கை வெளியிட்டது. கொள்கை பொய்யென மெய்ப்பிக்கப்பட்டால் தீமையும் ஒழியும் என்று உலகம் நம்பிற்று.

கொள்கை வீழ்ந்தும் வீழாத சுவர்கள்

அதே 1950-இல் தென்னாப்பிரிக்கா மக்கள் பதிவுச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொருவரும் இன்ன இனத்தவர் என ஏட்டில் பதியப்பட்டனர். வாழும் தெரு, படிக்கும் பள்ளி, ஏறும் பேருந்து அனைத்தும் அப்பதிவையே பொறுத்தன. ஐயத்திற்கு இடமானோரின் தலைமயிரில் பென்சிலைச் செருகிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. பென்சில் கீழே விழுந்தால் வெள்ளையர், சிக்கிக்கொண்டால் அல்லர். ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் இருவேறு இனங்களாகப் பிரிக்கப்பட்டனர். பென்சிலைப் பிடித்த எழுத்தருக்கு வெறி வேண்டியதில்லை. அலுவல் நேரம் முடிந்தால் போதும். அச்சட்டம் 1991 வரை நீடித்தது.

அந்நாட்டில் நம்மவர்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. 1913-இல் கேப் நகர நீதிபதி சேர்ல், ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில் தீர்ப்பளித்தார். பலதார மணத்தை ஏற்கும் சமயமுறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின்முன் செல்லாது என்றது தீர்ப்பு. ஒரே நாளில் இந்து, முஸ்லிம், பார்சிக் குடும்பங்களின் மனைவியர் சட்டப்படி மனைவியர் அல்லராயினர். தமிழ்ப் பெண்கள் உள்ளிட்டோர் அறப்போரில் இறங்கிச் சிறை சென்றனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914-இல் உயிர்நீத்தார். அத்தீர்ப்பில் இழிசொல் வேண்டியதில்லை, தடியடி வேண்டியதில்லை. ‘இனவெறி’ என்னும் சொல்லால் அதனை அளந்தால் அளவுகோலில் ஒன்றும் பதியாது.

அமெரிக்காவிலும் இக்குறை உணரப்பட்டது. 1930-களில் அரசு சார்ந்த வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, அவை கடனுக்கு இடர்மிக்கவை எனக் குறித்தது. கடன் இல்லையேல் வீடில்லை. வீடில்லையேல் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லச் சொத்தில்லை. 1963-இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெடித்த குண்டு 4 சிறுமியரைக் கொன்றபோது நாடே அதிர்ந்தது. அதனை அனைவரும் அச்சொல்லால் கண்டித்தனர். ஸ்டோக்லி கார்மைக்கேல், சார்லஸ் ஹாமில்டன் என்னும் இருவர் 1967-இல் எழுதிய நூலில் ஒரு வினா எழுப்பினர். அதே நகரில் உணவும் மருத்துவமும் எட்டாமல் ஆண்டுதோறும் மடியும் கறுப்பினக் குழந்தைகளின் சாவுக்கு என்ன பெயர்? ‘நிறுவனம்சார் இனப்பாகுபாடு’ என்னும் கருத்து அவ்வினாவிலிருந்தே வழக்கிற்கு வந்தது.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். சொல்லின் பொருளை விரித்தவர் அகராதி ஆசிரியர் அல்லர், துன்புற்றோரே. பழைய பொருளின் இடுக்கு வழியே தவறு செய்தோர் தப்பிச் சென்றதால் அவ்விடுக்கை அடைக்க வேண்டியதாயிற்று.

அமைப்பின் மேல் ஒரு தீர்ப்பு

லண்டனில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் பேருந்துக்குக் காத்திருந்தபோது வெள்ளை இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் செயல் இனவெறி, அதில் ஐயமில்லை. ஆனால் காவல்துறையின் புலனாய்வு ஏன் தோற்றது? நீதிபதி மாக்பெர்சன் தலைமையிலான விசாரணை 1999-இல் அறிக்கை தந்தது. ஒரு நிறுவனம் நிறம், பண்பாடு, பிறப்பு காரணமாக மக்களுக்கு உரிய பணியைச் செய்யத் தவறுவதே நிறுவனம்சார் இனப்பாகுபாடு என்றும், எண்ணிப் பாராமையும் அறியாமையும்கூட அதற்குப் போதும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. கொலையாளிகளுள் இருவர் தண்டனை பெற 2012 வரை காத்திருக்க நேர்ந்தது. 2020-இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி, பட்டம் பெற்று வெளிவந்த ஓர் இளம்பெண்ணின் மடலை ஏற்று, அமைப்புசார் ஒடுக்குமுறையும் தெளிவுற விளங்குமாறு தன் பொருள்விளக்கத்தைத் திருத்தியது. மாணவர் எழுதிய ஒரு மடலுக்கும் அகராதியை அசைக்கும் ஆற்றல் உண்டு.

எல்லைக்கோடு எங்கே?

பொருளின் எல்லையைக் குறிப்பது ஏட்டுச் சிக்கல் அன்று. இங்கிலாந்தில் தலைப்பாகையைக் களைய மறுத்த சீக்கியச் சிறுவனைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளி மறுத்தது. சீக்கியர் ஓர் இனக்குழுவா, சமயத்தவர் மட்டுமா என்னும் வினா எழுந்தது. பிரபுக்கள் அவை 1983-இல் மண்ட்லா வழக்கில் சீக்கியர் இனக்குழுவே எனத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் காப்பு அவர்களுக்குக் கிட்டிற்று. ஆனால் முஸ்லிம்கள் பல நாட்டவர், பல மொழியினர். ஆதலின் ஓர் இனக்குழு ஆகார் என்னும் நிலையே நீடித்தது. வேலைவாய்ப்பில் சமயப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் இங்கிலாந்தில் 2003-இல்தான் வந்தன. இசுலாமிய வெறுப்புப் பற்றி 1997-இல் அறிக்கை வெளியிட்ட ரன்னிமீடு அறக்கட்டளை, 2017-இல் அதனை முஸ்லிம்களுக்கு எதிரான ரேசிசம் என்றே வரையறுத்தது.

சமயம் மாறத்தக்கது, இனம் மாறாதது. ஆகவே சமய வெறுப்பை இச்சொல்லால் குறிக்கலாகாது என்பார் உளர். ஒரு கொள்கையை மறுத்துரைப்பதும் சமயக் கருத்தை வினவுவதும் எவர்க்கும் உள்ள உரிமை. அதனை இச்சொல்லால் அடக்க முனைவது தவறு என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் மொரிஸ்கோக்கள் சமயம் மாறியவர் அல்லரோ? மாறியும் அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். ஒருவர் என்ன நம்புகிறார் எனக் கேளாமலேயே பெயரையும் உடையையும் கண்டு அவரை விலக்கும்போது, அங்கே சமயம் குருதியாக்கப்பட்டுவிட்டது.

இதே வினா நம் நாட்டையும் தொட்டது. ஐ.நா. பொதுப்பேரவை 1965-இல் ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் நிறம், பிறப்புமூலம் ஆகியவற்றோடு ‘வம்சவழி’ என்னும் சொல்லும் உள்ளது. அச்சொல்லைச் சேர்க்க முன்மொழிந்தது இந்தியாவே. எனினும் 2001-இல் டர்பன் மாநாட்டில், சாதி இனம் அன்று. ஆதலின் அதனை அங்கே பேசலாகாது என இந்திய அரசு வாதிட்டது. சாதி இனப்பிரிவு அன்று என்பதை அம்பேத்கரும் 1936-இலேயே எடுத்துரைத்தார். ஆனால் அவர் அதனைச் சாதியை ஒழிக்கும் பொருட்டு உரைத்தார், உரையாடலைத் தவிர்க்கும் பொருட்டன்று. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002-இல் வம்சவழி என்பதில் சாதியும் அடங்கும் என விளக்கியது. கூற்று ஒன்றே, அது கூறப்படும் நோக்கத்தால் அறமும் ஆகும், தப்பும் வழியும் ஆகும்.

ஒரு தடையும் விடையும்

சொல்லை இவ்வாறு விரித்துக்கொண்டே சென்றால் அது வலுவிழந்து வெறும் வசைச்சொல் ஆகிவிடாதோ என வினவுவோர் உளர். இத்தடை புறந்தள்ளத்தக்கதன்று. கொலைகாரனுக்கும் படிவத்தை நிரப்பிய எழுத்தருக்கும் ஒரே பெயரிட்டால் எழுத்தர் சினங்கொள்வார். கொலைகாரன் கூட்டத்தில் மறைந்துகொள்வான். மற்றொரு சாரார், அதிகாரம் இல்லாதோர் செய்வது எதுவும் இக்குற்றம் ஆகாது என்பர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அதிகாரம் உள்ளவரின் இகழ்ச்சி மிகுதியாகச் சுடும். அதற்காக ஒடுக்கப்பட்டவரின் இகழ்ச்சி சுடாமற் போகாது. ஆப்பிரிக்க மாணவரைக் கண்டால் எள்ளி நகைப்பதும், வடபுலத்துத் தொழிலாளரை ‘வடக்கன்’ என இழிப்பதும், பெண் பார்க்கையில் மாநிறம் என்று குரலைத் தாழ்த்துவதும் எல்லாச் சமயத்தார் இல்லங்களிலும் உண்டு. நம் இல்லங்கள் விலக்கல்ல.

தடைக்கு விடை, சொல்லைச் சுருக்குவதன்று; வேறுபடுத்தி ஆள்வதே. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூன்று பொருளையும் ஏற்றியதால் இடர்ப்படுகிறது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொள்கை ‘இனவாதம்’. அதனை அறிவால் மறுத்தல் வேண்டும். பகைமையால் பொங்கி எழும் செயல் ‘இனவெறி’. அதனைச் சட்டத்தால் அடக்குதல் வேண்டும். விதியிலும் வழக்கத்திலும் அலுவலக நடைமுறையிலும் உறைந்திருப்பது ‘இனப்பாகுபாடு’. அதனை எண்ணிக் கணக்கிட்டுத் திருத்துதல் வேண்டும்.

மூன்றையும் ‘வெறி’ என்றால் என்ன நேரும்? வாடகைக்கு வீடு தேடிச் செல்பவரின் பெயரைக் கேட்டபின், ‘ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது’ எனப் புன்னகையோடு கூறும் வீட்டுக்காரரை நாம் அறிவோம். அவர் தேநீரும் தருவார். தம்மை வெறியர் என எவரேனும் கூறினால் உண்மையாகவே வருந்துவார். சமயத்தாலோ சாதியாலோ விலக்கிய அச்செயலை இனத்தின் பெயரால் அழைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது பாகுபாடு என்பதில் வேறுபாடு இருக்க இயலாது. ‘வெறி’ என்னும் சொல் மட்டுமே நம் கையில் இருந்தால், வெறியற்ற அவர் குற்றமற்றவராகவே உறங்கச் செல்வார். வீடு கிடைக்காதவர் வேறு தெருவுக்கு நடப்பார்.

முடிவுரை

யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றிக் கலைச்சொல்லாக்கத்திற்கே தம் வாழ்நாளை ஒப்படைத்தவர் மணவை முஸ்தபா. பொருட்செறிவுள்ள சொல் கிடைத்தாலன்றிப் பிறமொழிச் சிந்தனை தமிழில் தங்காது என்பதை அவர் உழைப்பு நமக்கு உணர்த்துகிறது. அவ்வுழைப்பின் தொடர்ச்சியாகத் தமிழ்த்துறை மாணவர் ஒன்று செய்யலாம். நாளேட்டுச் செய்தியை மொழிபெயர்க்கும்போதும், கட்டுரை வரையும்போதும், மேடையில் பேசும்போதும், ‘இனவெறி’ என்று எழுதப்போகும் இடத்தில் ஒரு கணம் நின்று, இது கொள்கையா, பகைச்செயலா, நடைமுறையா என வினவிப் பின் எழுதுதல் வேண்டும். ஆசிரியர்கள் விடைத்தாளில் அவ்வேறுபாட்டைக் கண்டு மதிப்பிடுதல் வேண்டும். சமுதாயப் பெரியோர்கள், நமக்கு இழைக்கப்படும் பாகுபாட்டைச் சுட்டும் அதே சொல்லால் நாம் பிறர்க்கு இழைப்பதையும் சுட்ட முன்வருதல் வேண்டும்.

இனம் என்பதற்குச் சேர்ந்து பழகும் கூட்டம் என்னும் பொருளை ஆண்ட மொழி நம்முடையது. எக்கூட்டத்தோடு சேர்வது என்பது இன்றும் நம் தேர்வே. அத்தேர்வைச் செய்யும் இளைஞர் கையில் சரியான சொற்களைக் கொடுத்து அனுப்புவது தமிழ்த்துறையின் கடன்.